மக்கும் பாலியெஸ்டர் கலவைகளில் கலப்பும் படிகமாதலும்: முழுமையான வழிகாட்டி

பாலிலாக்டிக் அமிலம், பாலிஹைட்ராக்ஸிபியூட்டிரேட் என்னும் இரண்டு மக்கும் பாலியெஸ்டர்களைச் சேர்த்தால் அவை ஒருபடித்தான (எங்கும் ஒரே சீரான) கலவையாகுமா என்று ஆய்விதழ்களில் தேடினால், "ஆகும்", "ஆகாது", "ஓரளவு ஆகும்" என்று மூன்று விதமான விடைகளும் கிடைக்கும். மூன்றும் கவனமாக எடுக்கப்பட்ட அளவீடுகளிலிருந்து வந்தவைதான். மூலக்கூறுச் சங்கிலிகளின் நீளம், கலந்த முறை, மாதிரியைச் சூடாக வைத்திருந்த நேரம், எந்த நிலையில் அளந்தார்கள் என்பன வேறுபட்டதால் விடைகளும் வேறுபட்டன. ஆகவே இந்தத் துறையில் வேலை தொடங்கும் முதுகலை மாணவர் முதலில் பழக வேண்டியது அளவீடுகளின் வரிசை. இரண்டு பலபடிகள் (பாலிமர்கள்) கலக்கின்றனவா என்ற கேள்வியை உருகிய நிலையிலேயே, ஒரு படிகம்கூட உருவாகும் முன்பே கேட்க வேண்டும். படிகங்கள் தோன்றிய பிறகு கேட்டால், படிகமாதல் பிரித்துவிட்டதை "கலக்கவில்லை" என்றும், படிகங்கள் மறைத்துவிட்டதை "கலந்துவிட்டது" என்றும் தவறாகப் படிக்க நேரிடும்.

இந்த வழிகாட்டி பெரும்பாலும் மேற்சொன்ன இணையையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. தேவையான இடங்களில் மட்டும் வேறு பாலியெஸ்டர்கள் வரும்.

கையில் வைத்திருக்க வேண்டிய எண்கள்

வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸில் தரப்படுகின்றன. பாலிலாக்டிக் அமிலத்தின் இடக்கை வடிவம் (இனி பிஎல்எல்ஏ) ஏறத்தாழ 60 டிகிரியில் கண்ணாடி மாறுநிலையை, அதாவது படிகமாகாத பகுதி கண்ணாடி போன்ற விறைப்பை விட்டு இளகும் வெப்பநிலையை, அடைகிறது. 170 முதல் 180 டிகிரிக்குள் உருகுகிறது. பாலிஹைட்ராக்ஸிபியூட்டிரேட் (இனி பிஎச்பி), பாரிஸிலுள்ள பாஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் மோரிஸ் லெமுவாஞ் 1920-களின் நடுவில் பாக்டீரியாவுக்குள் கண்டறிந்த பொருள். இதன் கண்ணாடி மாறுநிலை 4 டிகிரியை ஒட்டியும், உருகுநிலை 175 முதல் 180 டிகிரிக்குள்ளும் இருக்கும். பாலிகாப்ரோலாக்டோனுக்கு (பிசிஎல்) இவை முறையே மைனஸ் 60, 60 டிகிரி. பாலிபியூட்டிலீன் சக்சினேட்டுக்கு (பிபிஎஸ்) மைனஸ் 32, 114 டிகிரி. முழுமையாகப் படிகமான பொருளை உருக்கத் தேவையான வெப்பம், பிஎல்எல்ஏவுக்கு கிராமுக்கு 93 ஜூல், பிஎச்பிக்கு 146 ஜூல் என்று பரவலாகக் கொள்ளப்படுகிறது.

இந்த எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தாலே சில சிக்கல்கள் முன்கூட்டியே தெரிந்துவிடும். பிசிஎல் உருகும் வெப்பநிலையும் பிஎல்எல்ஏவின் கண்ணாடி மாறுநிலையும் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழுகின்றன. பிஎச்பியும் பிஎல்எல்ஏவும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் உருகுகின்றன. கருவியில் மாதிரியை வைக்கும் முன்பே, எந்த அளவீடு எந்த இணைக்குப் பயன்படாது என்பதை இப்படித் தீர்மானித்துக்கொள்ள முடியும்.

முதல் படி: சங்கிலி நீளத்தை வைத்துக் கணக்கிடுதல்

சிறிய மூலக்கூறுகளைக் கொண்ட இரண்டு நீர்மங்கள் கலப்பதற்கு என்ட்ரோபி பெரிதும் உதவுகிறது. நீண்ட சங்கிலிகளில் அந்த உதவி மிகவும் சுருங்கிவிடும். ஏனெனில் ஆயிரம் அலகுகள் ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்டிருக்கும்போது அவற்றால் தனித்தனியாக இடம் மாற முடியாது. இதைக் கணக்காக்கியவர்கள் பால் ஃபிளோரியும் மோரிஸ் ஹக்கின்ஸும்; ஆண்டு 1941–42. அவர்களின் சமன்பாட்டின்படி, இரண்டு பலபடிகளிலும் ஒரே எண்ணிக்கையில் அலகுகள் இருந்தால், இடைவினை அளவுரு (இரு வகை அலகுகளும் ஒன்றையொன்று எவ்வளவு ஒதுக்குகின்றன என்பதன் அளவு) 2-ஐ அந்த எண்ணிக்கையால் வகுத்த மதிப்பை விடக் குறைவாக இருக்கும்வரை எல்லா விகிதங்களிலும் ஒருபடித்தான கலவை நிலைக்கும். ஆயிரம் அலகுகளுக்கு அந்த எல்லை 0.002 மட்டுமே.

இடைவினை அளவுருவைத் தோராயமாக மதிப்பிட, இரு பலபடிகளின் கரைதிறன் அளவுருக்களின் (ஒரு பொருளின் மூலக்கூறுகள் தம்முள் எவ்வளவு வலுவாக ஈர்க்கின்றன என்பதன் அளவுகளின்) வேறுபாட்டை வர்க்கப்படுத்தி, அலகின் மோலார் கன அளவால் பெருக்கி, வாயு மாறிலியும் கெல்வின் வெப்பநிலையும் சேர்ந்த பெருக்கற்பலனால் வகுக்க வேண்டும். பிஎல்எல்ஏ, பிஎச்பி அலகுகளுக்குச் சராசரியாக மோலுக்கு 65 கன சென்டிமீட்டர் என்றும், வெப்பநிலை 180 டிகிரி என்றும் கொள்வோம். கரைதிறன் அளவுரு வேறுபாடு 1 (மெகாபாஸ்கலின் வர்க்கமூல அலகில்) என்றால் இடைவினை அளவுரு 0.017 வரும். அதாவது 116 அலகுகளுக்கு மேல் நீண்ட சங்கிலிகள் பிரியத் தொடங்கும். மூலக்கூறு நிறையில் சொன்னால் இது 8,000 முதல் 10,000 வரை. வேறுபாடு பாதியானால் அளவுரு கால்பங்காகி, எல்லை 33,000 முதல் 40,000 வரை உயர்ந்துவிடும்.

சோதனைகள் காட்டுவதும் இதே அளவிலான எண்களைத்தான். 1990-களின் நடுவில் வெளிவந்த ஆய்வுகளில், மூலக்கூறு நிறை 20,000-க்குக் கீழான பிஎல்எல்ஏ பிஎச்பியுடன் உருகிய நிலையில் கலந்தது. லட்சத்தைத் தாண்டிய பிஎல்எல்ஏ தெளிவாகப் பிரிந்து நின்றது. வேதியியல் அமைப்பு மாறவில்லை. சங்கிலி நீளம் மாறியதும் விடை தலைகீழானது. மூலக்கூறு நிறையைக் குறிப்பிடாமல் "இந்த இணை கலக்கும்" என்று எழுதப்படும் எந்த வாக்கியத்தையும் நான் முழுமையான தகவலாக ஏற்பதில்லை.

கணக்கின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். வேதித் தொகுதிகளைக் கூட்டிக் கரைதிறன் அளவுருவைக் கணிக்கும் முறைகள் தம்முள்ளேயே மேற்சொன்ன அலகில் 1-க்கு மேல் வேறுபடக்கூடியவை. மேலும், வர்க்கம் எப்போதும் நேர்குறி என்பதால், பாலிவினைல்ஃபீனால் போன்ற ஹைட்ரஜன் பிணைப்பு தரும் பலபடியுடன் பாலியெஸ்டர்கள் நன்றாகக் கலப்பதை இந்தக் கணக்கு ஒருபோதும் காட்டாது. எந்த மூலக்கூறு நிறைகளில் மாதிரி எடுக்கலாம் என்பதைத் தேர்ந்தெடுக்க மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

இரண்டாம் படி: உலர்த்துதல், கலத்தல்

பாலியெஸ்டர் சங்கிலியின் அலகுகளைக் கோக்கும் எஸ்டர் பிணைப்பை நீர் உடைக்கும். உருகிய நிலையில் அது வெகுவேகமாக நடக்கும். எனவே பிஎல்எல்ஏவை உருக்கும் முன் ஈரப்பதத்தை 250 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 250 பங்குக்கு) கீழே கொண்டுவருவது தொழிற்சாலை வழக்கம். ஏற்கெனவே படிகமான குறுமணிகளை 80 டிகிரியில் வெற்றிட அடுப்பில் உலர்த்தலாம். பிசிஎல்லை 40 டிகிரிக்கு மேல் கொண்டுபோகக் கூடாது, மணிகள் ஒட்டிக்கொள்ளும்.

கலப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, இரண்டையும் குளோரோஃபார்மில் கரைத்துத் தட்டில் ஊற்றி, கரைப்பானை மெதுவாக ஆவியாக்கிப் படலமாக்குவது. அளவு சிறிதாக இருந்தாலும் செய்யலாம். வெப்பச் சிதைவும் இல்லை. ஆனால் கரைப்பான் குறையக் குறைய இரண்டு பலபடிகளும் வெவ்வேறு நேரத்தில் கரைசலைவிட்டு வெளியேறக்கூடும்; அறை வெப்பநிலையிலேயே பிஎச்பி படிகமாகிவிடுவதும் உண்டு. இவ்வாறு பிரிந்து நிற்கும் படலம், உருகிய நிலையில் அந்த இணை எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்லாது. இரண்டாவது வழி, 180–190 டிகிரியில் உருக்கிக் கலப்பது. உண்மையான பயன்பாட்டுக்கு நெருக்கமானது இதுவே. ஆனால் இங்கேதான் மிக நுட்பமான பொறி இருக்கிறது.

பிஎச்பி தன் உருகுநிலைக்குச் சற்று மேலேயே சிதையத் தொடங்கும் பொருள். சங்கிலி நடுவில் எங்காவது முறிந்து, ஒரு முனையில் குரோட்டோனேட் தொகுதியுடன் இரண்டு குட்டைச் சங்கிலிகளாகிறது. அதே வெப்பத்தில் இரு பாலியெஸ்டர்களுக்கும் இடையே எஸ்டர் பரிமாற்றமும் நடக்கலாம். அப்போது இரண்டின் துண்டுகளையும் கொண்ட புதிய சங்கிலிகள் உருவாகி, இரு பக்கங்களையும் இணைக்கும். இரண்டு நிகழ்வுகளும் கலவையைக் கலக்கும் திசையில்தான் தள்ளுகின்றன. உருகிய நிலையில் பத்து நிமிடம் வைத்த மாதிரி "நன்றாகக் கலந்திருக்கிறது" என்றால், நீங்கள் தொடங்கிய பலபடிகள் கலந்தனவா, சிதைந்து குட்டையான வேறு பலபடிகள் கலந்தனவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இதற்கு விடை காண, கலப்பதற்கு முன்னும் பின்னும் ஜெல் ஊடுருவல் குரோமட்டோகிராஃபி மூலம் மூலக்கூறு நிறையை அளந்து, இரண்டு எண்களையும் முடிவுகளோடு சேர்த்தே எழுதுங்கள். எஸ்டர் பரிமாற்றம் நடந்ததா என்பதைக் கார்பன்-13 என்எம்ஆர் நிறமாலையின் கார்பனைல் பகுதியில் புதிய முகடுகள் தோன்றுகின்றனவா என்று பார்த்து அறியலாம். கலவையை மட்டுமல்லாமல், தூய கூறுகளையும் அதே வெப்பத்துக்கு அதே நேரம் உட்படுத்தி ஒப்பீட்டு மாதிரிகளாக வைத்துக்கொள்வது கட்டாயம்.

மூன்றாம் படி: உருகிய நிலையை நேரில் பார்த்தல்

ஒரு சிறு துண்டை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே வைத்து, வெப்ப மேடையில் 190 டிகிரிக்குக் கொண்டுபோய், மெல்ல அழுத்தி, பத்து அல்லது இருபது மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படலமாக்குங்கள். படிகங்கள் மறைந்ததும் தளவிளைவு (போலரைசிங்) நுண்ணோக்கியில் புலம் முழுவதும் கருமையாகும். அந்தக் கருமையைப் பார்த்து ஒருபடித்தான உருகல் என்று முடிவு செய்துவிடக் கூடாது; குறுக்காக வைத்த தளவிளைவிகளுக்கு இடையே பிரிந்த உருகலும் கருப்பாகவே தெரியும். தளவிளைவியை விலக்கிவிட்டு, கட்ட வேறுபாட்டு அமைப்புக்கு மாற்றிப் பாருங்கள். பிரிந்த கலவையானால் வட்டமான துளிகள் விளிம்புகளோடு தெரியும். அருகருகே இருக்கும் துளிகள் மெல்ல ஒன்றோடொன்று சேர்வதையும் காணலாம். ஒளிவிலகல் எண்கள் மிக நெருங்கிய இணைகளில் மட்டும் இந்தக் காட்சி ஏமாற்றக்கூடும்.

இந்தப் பார்வை இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டும். காரணம், முன்பே சொன்ன சிதைவு.

நான்காம் படி: கண்ணாடி மாறுநிலை

ஒருபடித்தான கலவைக்கு ஒரே கண்ணாடி மாறுநிலை இருக்கும். அது விகிதத்தோடு சேர்ந்து நகரும். எங்கே இருக்க வேண்டும் என்பதை 1956-இல் ஃபாக்ஸ் தந்த சமன்பாடு சொல்கிறது: கலவையின் கண்ணாடி மாறுநிலையின் தலைகீழ் மதிப்பு, கூறுகளின் தலைகீழ் மதிப்புகளை அவற்றின் நிறைப் பின்னத்தால் பெருக்கிக் கூட்டிய தொகைக்குச் சமம். கெல்வினில் கணக்கிட்டால் பிஎல்எல்ஏ 333, பிஎச்பி 277. சரிபாதிக் கலவைக்கு 302 கெல்வின், அதாவது ஏறத்தாழ 29 டிகிரி செல்சியஸ் வரும்.

அளப்பதற்கு, சூடாகும்போதும் குளிரும்போதும் மாதிரி ஏற்கும் அல்லது வெளிவிடும் வெப்பத்தைப் பதிவு செய்யும் டிஎஸ்சி கருவியில் ஐந்து மில்லிகிராம் மாதிரி போதும். முதலில் உருக்கி, இரண்டு நிமிடத்துக்குள் மைனஸ் 50 டிகிரிக்குச் சட்டெனக் குளிர்வித்து, பின் நிமிடத்துக்கு 10 அல்லது 20 டிகிரி வேகத்தில் சூடாக்கி வரைபடத்தைப் பதிவு செய்யுங்கள். கரைப்பானிலிருந்து வந்த படலத்தின் முதல் சூடாக்கலிலிருந்து கண்ணாடி மாறுநிலையைப் படிக்கக் கூடாது. எஞ்சியிருக்கும் கரைப்பான் அதைக் கீழே இழுத்திருக்கும், வரைபடத்தில் கண்ணாடி மாறுநிலையைக் காட்டும் படிக்கட்டு போன்ற மாற்றத்தையே (இனி 'படி') படிகங்கள் மழுங்கச் செய்திருக்கும்.

இப்போது வரைபடத்தை நெருங்கிப் பாருங்கள். சட்டெனக் குளிர்ந்த பிஎச்பி, சூடாகும்போது 50 டிகிரியை ஒட்டிக் குளிர்நிலைப் படிகமாதல் (குளிர்ந்தபோது ஆகாத படிகமாதல் மீண்டும் சூடாக்கும்போது நடப்பது) முகடு ஒன்றைத் தருகிறது. பிஎல்எல்ஏவின் கண்ணாடி மாறுநிலைப் படி அதற்குச் சற்று மேலே, 55 முதல் 60 டிகிரிக்குள் வர வேண்டும். இரண்டும் கலக்காத மாதிரியில், பிஎச்பியின் வெளிவெப்ப முகடு பிஎல்எல்ஏவின் சிறிய படியை மூடிவிடும். பார்ப்பவருக்கு 4 டிகிரியிலுள்ள ஒரே படிதான் தெரியும். "ஒரே கண்ணாடி மாறுநிலை, ஆகவே கலந்துவிட்டது" என்ற தவறான முடிவுக்கு இது நேர்வழி. அந்த ஒரே படி விகிதத்தோடு நகராமல் 4 டிகிரியிலேயே நின்றால் எச்சரிக்கையாக இருங்கள். வெப்பநிலையைச் சற்றே ஏற்றி இறக்கியபடி சூடாக்கும் பண்பேற்ற டிஎஸ்சி முறையில் மீளும் வெப்பப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால், மறைந்திருந்த படி வெளிப்படும்.

பிசிஎல், பிஎல்எல்ஏ இணையில் 60 டிகிரிப் பகுதியை நம்பவே வேண்டாம். டிஎம்ஏ என்னும் இயக்க விசைப் பகுப்பாய்வில், மைனஸ் 60 டிகிரியை ஒட்டிய பிசிஎல் முகடு நகர்கிறதா என்று பார்ப்பதே ஒழுங்கான வழி. டிஎஸ்சி ஏறத்தாழ 20–30 நானோமீட்டருக்குக் குறைவான பகுதிகளைப் பிரித்து உணராது என்பதும், இரு கூறுகளின் கண்ணாடி மாறுநிலைகள் 20 டிகிரிக்குள் நெருங்கியிருந்தால் இந்தச் சோதனையே பொருளற்றது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: உருகுநிலைத் தாழ்வு

ஒருபடித்தான உருகலில் இருக்கும் படிகத்தின் சமநிலை உருகுநிலை குறையும். 1975-இல் நிஷியும் வாங்கும் தந்த சமன்பாடு, அந்தத் தாழ்விலிருந்து இடைவினை அளவுருவைக் கணக்கிட உதவுகிறது. எதிர்க்குறி மதிப்பு வந்தால் கலப்பு வெப்பவியக்க அடிப்படையில் சாதகமானது.

ஆனால் டிஎஸ்சி முகட்டிலிருந்து நேராக எடுத்த உருகுநிலையை இந்தச் சமன்பாட்டில் இடுவது தவறு. படிகத் தகடுகள் மெல்லியதாக இருந்தாலும் உருகுநிலை குறையும். இரண்டாம் கூறு தகடுகளை மெல்லியதாக்கியிருந்தால், அதைக் கலப்பின் சான்றாகப் படித்துவிடுவோம். ஆகவே பல வெப்பநிலைகளில் தனித்தனியே படிகமாக்கி, ஒவ்வொன்றின் உருகுநிலையையும் படிகமான வெப்பநிலைக்கு எதிராகக் குறித்து, அந்தக் கோட்டை இரண்டும் சமமாகும் கோட்டைச் சந்திக்கும்வரை நீட்ட வேண்டும். ஹாஃப்மன்–வீக்ஸ் முறை என்பது இதுதான். இதில் இன்னொரு கவனமும் வேண்டும். பிஎல்எல்ஏ 100 டிகிரிக்குக் கீழே ஒழுங்கு குறைந்த ஆல்ஃபா-பிரைம் வடிவிலும், 120 டிகிரிக்கு மேலே ஆல்ஃபா வடிவிலும் படிகமாகிறது. சூடாக்கும்போது முன்னது பின்னதாக மாறுவதால் உருகும் முகட்டுக்கு முன் ஒரு சிறு வெளிவெப்ப முகடு தோன்றும். இரு வடிவங்களின் புள்ளிகளையும் ஒரே கோட்டில் கலந்து வரைந்தால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளில்லை.

பிபிஎஸ், பிஎச்பி இணையில் இந்தப் படி நல்ல பலன் தந்திருக்கிறது. பிஎச்பி 20 விழுக்காடு மட்டும் உள்ள கலவையில் கண்ணாடி மாறுநிலை சிறிது நகர்ந்ததும் பிஎச்பியின் சமநிலை உருகுநிலை தாழ்ந்ததும் வரம்புக்குட்பட்ட கலப்பைக் காட்டின. பிஎச்பி அதிகமான விகிதங்களில் உருகலே இரண்டாகப் பிரிந்து நின்றது.

ஆறாம் படி: படிகம் வளரும் வேகம்

உருகலிலிருந்து குறிப்பிட்ட வெப்பநிலைக்கு விரைவாக இறக்கி, ஸ்பெருலைட்டின் (ஒரு கருவிலிருந்து எல்லாத் திசையிலும் வளரும் உருண்டையான படிகத் திரளின்) ஆரத்தை நேரத்துக்கு எதிராக அளக்க வேண்டும். தூய பிஎச்பி இதற்கு அழகான பொருள்: கருக்கள் மிகக் குறைவாக இருப்பதால் ஸ்பெருலைட்டுகள் மில்லிமீட்டர் அளவுக்கும் வளரும்; தளவிளைவு ஒளியில் நான்கு கரங்களுள்ள கருஞ்சிலுவையும் அதன்மேல் சம இடைவெளியில் வளையங்களும் தெரியும். அதன் வளர்ச்சி 90 டிகிரியை ஒட்டி மிக விரைவானது. பிஎல்எல்ஏ அதைவிடப் பல மடங்கு மெதுவாக, 100 முதல் 130 டிகிரிக்குள் நன்றாக வளரும்.

ஆரம் நேர்கோட்டில் கூடினால், முன்னேறும் விளிம்பின் எதிரே உருகலின் விகிதம் மாறவில்லை என்று பொருள். காலப்போக்கில் வேகம் குறைந்தால், படிகமாகாத கூறு விளிம்புக்கு வெளியே தள்ளப்பட்டு அங்கே சேர்கிறது. ஒருபடித்தான கலவையில், விகிதம் மாறும்போது வேகமும் மாறும்: இரண்டாம் கூறு உருகலை நீர்த்துப்போகச் செய்கிறது, உந்துவிசையைக் குறைக்கிறது, கண்ணாடி மாறுநிலையை நகர்த்திச் சங்கிலிகளின் இயக்கத்தையும் மாற்றுகிறது. பிஎச்பியில் பிஎல்எல்ஏ கலந்தால் கண்ணாடி மாறுநிலை உயர்வதால், மூன்றும் சேர்ந்து பிஎச்பியின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தும். கலக்காத இணையில் விளிம்பு துளிகளைச் சுற்றிக்கொண்டு போகும். வேகம் தூய பொருளின் வேகத்தையே ஒட்டியிருக்கும்.

டிஎஸ்சியில் அளக்கும் மொத்தப் படிகமாதல் வேகம் வேறு விஷயம். அதில் கருவாக்கமும் அடங்கும். பிசிஎல் துளிகள் பிஎல்எல்ஏவுடன் கலக்காதபோதும், இடைமுகங்களில் கருக்கள் கூடுவதால் பிஎல்எல்ஏவின் குளிர்நிலைப் படிகமாதல் குறைந்த வெப்பநிலைக்கு நகர்வதைப் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். அதைக் கலப்பின் அடையாளமாகக் கொள்ளக் கூடாது. மாறாக, மிகச் சிறிய துளிகளுக்குள் அடைபட்ட கூறு, கருவாக உதவும் தூசியோ மாசோ ஒவ்வொரு துளிக்கும் கிடைக்காததால், வழக்கத்தைவிட மிகவும் குளிர்ந்த பிறகே படிகமாகும். குளிர்விக்கும் வரைபடத்தில் ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று முகடுகள் தெரிவதற்கு இதுவே காரணம். படிகமான பங்கு நேரத்தோடு கூடுவதை விவரிக்கும் அவ்ராமி சமன்பாட்டைப் பொருத்தும்போது தொடக்கப் பகுதியின் தரவுகளை மட்டும் எடுத்து, அதில் நேரத்தின் அடுக்கெண்ணைவிட அரைநேரத்துக்கு (படிகமாதல் பாதி முடியும் நேரத்துக்கு) அதிக முக்கியத்துவம் தருவது என் பரிந்துரை; தொடக்க நேரத்தில் சில நொடி தவறினாலும் அடுக்கெண் வெகுவாக மாறிவிடும்.

பிஎச்பி, பிஎல்எல்ஏ கலவையில் யார் எவ்வளவு படிகமானார் என்பதை உருகும் முகட்டிலிருந்து பிரிக்க இயலாது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. எக்ஸ் கதிர் விளிம்பு விலகலில் செம்புக் கதிரைப் பயன்படுத்தினால், 13.5 டிகிரிக் கோணத்திலுள்ள முகடு பிஎச்பிக்கும், 19 டிகிரியை ஒட்டியது பிஎல்எல்ஏவுக்கும் உரியவை. 16.7–16.9 டிகிரியில் இரண்டும் ஒட்டிக்கொள்வதால் அதைத் தவிருங்கள்.

ஏழாம் படி: படிகமாகாத கூறு எங்கே போகிறது

ஒருபடித்தான உருகலில் ஒரு கூறு படிகமாகும்போது, மற்றது மூன்று இடங்களில் ஒன்றில் தங்கும்: படிகத் தகடுகளுக்கு இடையே சில நானோமீட்டர் இடைவெளியில், தகடுக் கற்றைகளுக்கு இடையே, அல்லது ஸ்பெருலைட்டுகளுக்கு வெளியே. சிறுகோண எக்ஸ் கதிர்ச் சிதறலில் தகடுகளின் மீள்வரும் இடைவெளி விகிதத்தோடு கூடினால் முதல் இடம். இடைவெளி மாறாமலிருந்தால் மற்ற இரண்டில் ஒன்று. விரைவாக வளரும் படிகம் துணைக் கூறை உள்ளேயே சிறைப்படுத்தும். மெதுவாக வளர்வது வெளியே தள்ளும். இதனால் ஒரே கலவைக்குப் படிகமாகும் வெப்பநிலையை மாற்றியே வேறு வேறு உள்ளமைப்பைத் தர முடியும்.

இரண்டு கூறுகளும் படிகமாகக்கூடியவையானால் இன்னும் சுவையானவை நடக்கின்றன. பிபிஎஸ், பாலிஎத்திலீன் ஆக்சைடு கலவையில் முதலில் பிபிஎஸ் ஸ்பெருலைட்டுகள் இடத்தை நிரப்பும். 65 டிகிரியை ஒட்டி உருகும் பாலிஎத்திலீன் ஆக்சைடு பின்னர் அவற்றுக்குள் மீந்த இடைவெளியில் படிகமாகும். தகுந்த நிலைமைகளில் ஒன்றின் ஸ்பெருலைட் மற்றதன் ஸ்பெருலைட்டுக்குள் ஊடுருவி வளர்வதை நுண்ணோக்கியிலேயே பார்க்கலாம். பிஎல்எல்ஏவும் அதன் ஆடிப்பிம்பமான வலக்கை வடிவமும் சேரும்போதோ, இரு சங்கிலிகளும் ஒரே படிகத்துக்குள் அருகருகே அடுக்கப்பட்டு, தனித்தனியே உருகுவதைவிட ஏறத்தாழ 50 டிகிரி கூடுதலாக, 230 டிகிரியில் உருகும் புதிய படிகத்தைத் தருகின்றன. இதை இகாடாவும் அவருடைய குழுவினரும் 1987-இல் அறிவித்தனர்.

பிரிந்து நிற்கும் கலவையை ஒதுக்கிவிடத் தேவையில்லை. பிஏஎஸ்எஃப் நிறுவனத்தின் ஈக்கோவியோ, பிபிஏடி என்னும் மென்மையான மக்கும் பாலியெஸ்டரையும் பாலிலாக்டிக் அமிலத்தையும் கொண்டது. இவ்விரண்டும் முழுமையாகக் கலப்பதில்லை. பயன்பாட்டில் முக்கியமாவது பிரிந்த பகுதிகள் எவ்வளவு சிறியவை, அவற்றின் விளிம்புகள் எவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொள்கின்றன என்பவையே. பிஎல்எல்ஏவில் கால்பங்கு பிஎச்பி நுண்ணியதாகப் பரவியிருக்கும்போது, பிஎச்பி படிகங்கள் பிஎல்எல்ஏவுக்குக் கருக்களாகவும் உதவுகின்றன. ஆனால் பிஎச்பியின் கண்ணாடி மாறுநிலை அறை வெப்பநிலைக்குக் கீழே இருப்பதால், அது வாரக்கணக்கில் மெல்ல மெல்ல மேலும் படிகமாகி நொறுங்கும் தன்மையைப் பெறும். வார்த்த அன்றே இழுவைச் சோதனை செய்து முடிவெழுதாமல், அறை வெப்பநிலையில் வைத்த மாதிரிகளைச் சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதித்து, இரண்டு மதிப்புகளையும் மாதிரியின் வயதோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.